ஆஸ்பத்திரிப் பெட்டியில் மாடனுக்குச் சீட்டு

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டை எப்சிபா சிஸ்டர் என் மருமகள் சங்கரியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பச்சை அட்டை. மேலே 'சர்க்கரை நோயாளி நாட்குறிப்பு' என்று அச்சடித்திருக்கிறது. மூன்று வேளையும் என்ன தின்றேன், மாத்திரை போட்டேனா என்று எழுத வேண்டுமாம். மாதம் ஒருமுறை சிஸ்டர் வாங்கி வாசிப்பாராம். நான் அஞ்சாம் கிளாஸ் படித்தவள், எழுதுவேன். எதிர்வீட்டு ஆவுடை மூணாம் கிளாஸ். அவளுக்கும் ஒரு நோட்டு போயிருக்கிறதாம். வீண்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, புளிக்குழம்பு. ராத்திரி: கோதுமை தோசை. இனிப்பு: கிடையாது.

சடங்கு வீட்டில் கொடுத்த முந்திரிக்கொத்து இனிப்பில் சேராது. அதற்குள் இருப்பது பாசிப்பயறு.

மாத்திரை: இருக்கிறது.

வலது கால் சுண்டுவிரலில் எறும்பு கடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

இட்லி, சோறு, தோசை. தினமும் இதையே வாசித்தால் சிஸ்டருக்கு வாழ்க்கையே வெறுத்துவிடும். இனி மற்ற விஷயங்களையும் எழுதுவேன்.

ஜூலை 8, செவ்வாய்

சிஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. கால் மரத்திருந்தது.

"ஆச்சி, நாலு மாசமா ஒங்கள சுகர் கிளினிக்குல காணோமே."

"சுகர் டாக்டர் எப்பம் வாராரு?"

"வியாழக்கெழம காலையில."

"பீடிக் கடையில கட்டு எடுக்கது எப்பம்?"

சிஸ்டருக்குத் தெரியும். வாரம் முழுக்கச் சுற்றின பீடிக் கட்டைக் கடையில் கொடுப்பதும் வியாழக்கிழமை காலையில்தான். எட்டு மணிக்கு வரிசையில் நின்றால் பன்னிரண்டு ஆகிவிடும். கடைப் பாஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும்; மருமகளை அனுப்பினால் அடுத்த வாரத்துக்குச் சுற்றப் பீடி இலை கிடைக்காது. எங்கள் பீடித் தெருவில் சர்க்கரை இருக்கிற எல்லாருக்கும் இதே கதை.

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார் சிஸ்டர். "ஆஸ்பத்திரியில எது எப்பம் எப்பிடி நடக்கணும்னு இனிமே நோயாளியளும் உக்காந்து பேசணுமாம். நோயாளர் நலச் சங்கம்னு பேரு. ஒங்க தெருவுலேருந்து ரெண்டு பேரு வேணும்."

"என்னைய எதுக்கு?"

"வலது கையில குத்தச் சொன்ன ஊசிய நான் இடது கையில குத்திட்டேன்னு இன்னும் தேதியோட சொல்லிட்டுத் திரியுதியள்லா. அந்த ஞாபகசக்தி வேணும்."

"புரட்டாசி ரெண்டாஞ் சனி" என்றேன். "மூணு வருசம் முந்தி. பதினொண்ணே கால்."

"பாத்தியளா."

இன்னொரு ஆள் யார் என்று கேட்டேன். சிஸ்டர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார். ஆவுடையாம்.

ஆவுடை என் வீட்டுக்காரருக்குத் தங்கை. முப்பத்தொரு வருடம் முந்தி என் மகளின் வளைகாப்பில், நாற்பத்திரண்டு பெண்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "எங்க மதினி பீடிய லூசாச் சுத்துவா, செக்கர் பாதியக் கழிச்சிருவாரு" என்று சொன்னவள். அன்று அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் சேலை. இலையில் அப்போது அவியல் விழுந்துகொண்டிருந்தது. அன்றோடு பேச்சு முடிந்தது. என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட இரண்டு பேரும் தனித்தனி மூலையில் இருந்து அழுதோம்.

சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். நான் மாட்டேன் என்றால் அவள் மட்டும் போய் உட்காருவாள்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் கூட்டம். கழுத்தில் மாட்ட நீலக் கயிற்றில் அட்டை கொடுத்தார்கள். 'திருமதி முப்புடாதி, உறுப்பினர்'. அறுபத்தெட்டு வயதில் என் பேருக்கு முன்னால் திருமதி வந்திருக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. டீ. ஆளுக்கு இரண்டு சுசியம். சர்க்கரை நோயாளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து சுசியம் கொடுக்கிற ஆஸ்பத்திரி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். நான் ஒன்று தின்றேன். இன்னொன்றை மருமகளுக்கு என்று முந்தானையில் முடிந்தேன். வழியில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. என்ன செய்ய.

வட்டாரத்துப் பெரிய டாக்டர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். பேசும்போது கையில் ஒரு பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறார். போன மாதம் இருநூறு பேரிடம் படிவம் கொடுத்தார்களாம். இருநூறு பேரும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்களாம்.

"யாருமே ஒரு குறைகூடச் சொல்லலம்மா. இதை வச்சு நான் எதைத் திட்டம் போட?"

"படிவத்தக் குடுத்துட்டு சிஸ்டர் பக்கத்துலயே நின்னா யாரு சார் எழுதுவா? நாளைக்கு ஊசி போடப் போறது அவியதான" என்றேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அட்டை கழுத்தில் கிடந்தால் தானாகவே பேச்சு வருகிறது.

கருத்துப் பெட்டி ஒன்று வைக்கலாம் என்று முடிவானது. எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை.

"மருந்து குடுக்க சன்னல் பக்கத்துல வைக்கணும்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் ஆவுடை.

"மருந்துச் சன்னல்ல அத்தன பேரு கண்ணும் இருக்கும், வாசல்ல நிக்க புங்கமரத்துலதான் வைக்கணும்னு அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

"மரத்துல வச்சா அது பெட்டியா இருக்காது, வேற ஒண்ணாயிரும்னு சொல்லுங்க."

"மூணாங் கிளாஸ் படிச்சவுகளுக்கு அப்பிடித்தான் தோணும்னு சொல்லுங்க."

சிஸ்டருக்கு இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. கை தூக்கச் சொன்னார்கள். மரத்துக்கு ஆறு கை, சன்னலுக்கு மூன்று. வரும்போது ஆவுடை டீக் கிளாஸை மேசையில் வைப்பதற்குப் பதில் காற்றில் வைத்து உடைத்தாள். தோற்ற கோபம்.

ஜூலை 17, வியாழன்

அட்டையை மாட்டிக்கொண்டு பீடிக் கடைக்குப் போனேன். கட்டைச் சோதித்து வாங்குகிற செக்கர் அன்று என் கட்டில் இரண்டு பீடிதான் கழித்தார்.

ஜூலை 18, வெள்ளி

பெட்டி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு மிச்சமான சிவப்புப் பெயிண்டை அடித்து, மூடியில் மஞ்சள் கோடு போட்டு, பூட்டுப் போட்டு, பார்க்கக் கண்கொள்ளவில்லை. புங்கமரத்தடியில்தான் எங்கள் சுடலைமாடன் பீடம். மாடனுக்கு வேண்டுதல் எழுதிப் போடுகிற பழைய தகரப்பெட்டி போன ஐப்பசி மழையில் துருப்பிடித்து விழுந்துவிட்டது. அது தொங்கிய ஆணி அப்படியே மரத்தில் இருந்தது. அதிலேயே மாட்டச் சொல்லிவிட்டேன். புது ஆணி அடிக்கிற வேலை மிச்சம்.

என் செருப்பு மழையில் சுருங்கிவிட்டது. மகன் செருப்பைப் போட்டுப் போனேன். சங்கரி ஒரு மாதிரி பார்த்தாள். மழை எப்போது பெய்தது என்று கேட்டாள். மாமியாரைக் கேள்வி கேட்கிற காலம்.

ஆவுடை அவள் வாசற்படியில் உட்கார்ந்து, நான் நடந்துபோகிற வரைக்கும் தலையைச் சாய்த்து என் கால் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். புதுச் செருப்பு வாங்கிவிட்டேனா என்று பார்த்திருப்பாள்.

ஜூலை 22, செவ்வாய்

நல்ல கூட்டம். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் பதினேழு பேர் பெட்டியில் சீட்டுப் போட்டதை எண்ணினேன். அதில் ஐந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மேல் நம் ஜனங்களுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று எனக்கே தெரியாது.

ஜூலை 25, வெள்ளி

பெட்டிக்கு யாரோ சந்தனம் வைத்துப் பொட்டு இட்டிருக்கிறார்கள். மேலே ஒரு எலுமிச்சம்பழம். சங்க உறுப்பினர் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருந்தது.

எறும்புக்கடி கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆவுடை எனக்கு நேர் எதிரே வந்து, என் முகத்தைப் பார்த்தும் பாராதவள் மாதிரி ஒதுங்காமல் இடித்துக்கொண்டு போனாள். அவ்வளவு திமிர். இடித்த பிறகு திடுக்கிட்ட மாதிரி ஒரு நடிப்பு வேறு.

இனிப்பு: கிடையாது. மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இடித்த மாவில் உப்புப் பார்த்தேன். அது இனிப்பு மாவாக இருந்தது என் தப்பில்லை.

ஜூலை 29, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது. நாளைய கட்டத்தையும் எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கும் இட்லிதான்.

பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பெரிய டாக்டர் தன் கையால் பூட்டைத் திறந்தார். உள்ளே எழுபத்து நான்கு சீட்டு. அதோடு வேப்பிலை, குங்குமம், இரண்டு கண்ணாடி வளையல், யாரோ பிள்ளைக்கு எடுத்த முடி.

டாக்டர் முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது... பரிசோதனைக்குக் கொடுத்திருக்காங்களா?"

சிஸ்டர் முதல் சீட்டைப் பிரித்தார். வாசித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்ததைப் பிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், இது ஒண்ணும் நமக்கு வந்தது இல்ல. எல்லாம் மாடசாமிக்கு வந்திருக்கு."

அப்புறம் ஆவுடை பேசினாள். "மரத்துல வச்சா வேற ஒண்ணாயிரும்னு ஒருத்தி சொன்னாளே, ஞாபகம் இருக்கான்னு அந்த அம்மாகிட்டக் கேளுங்க சிஸ்டர். ஞாபகசக்திக்காரவுகதான."

அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று இருந்தது. கொடை வெள்ளிக்கிழமை. கொடைக்கு முன்னால் மாடனுக்குச் சீட்டுப் போடுவது எங்கள் ஊரில் என் மாமியாரின் மாமியார் காலத்து வழக்கம். அதே மரம், அதே ஆணி, சிவப்புப் பெட்டி. தெருவில் போகிற ஆட்டைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும்.

டாக்டர் பேனாவைத் திறந்து மூடினார். "சரி, திருப்பிப் போட்டுடலாம்" என்றார்.

"ஒரே ஒரு சீட்ட மட்டும் வாசிக்கேன் சார்" என்றார் சிஸ்டர். "பேரெல்லாம் சொல்லல."

வாசித்தார்: மாடசாமி, ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் குடு. ஒனக்கு ஒரு சேவல் தாரேன்.

டாக்டரின் பேனா நின்றது.

அடுத்தது: மாடா, மருந்து குடுக்கச் சன்னல் ஒசரத்துல இருக்கு, எனக்கு எட்டல. சன்னலக் கீழ எறக்கு, இல்லன்னா என்னைய ஒசரமாக்கு.

அடுத்தது: மாடசாமி, வியாழக்கெழம கட்டுக்குப் போறதா மாத்திரைக்குப் போறதா. மாத்திர தீந்து ஒரு மாசம் ஆச்சு. ஒரு வழி சொல்லு.

அடுத்தது: எப்சிபா சிஸ்டருக்கு மாறுதல் வரக் கூடாது. வந்தா ஒன் கோயிலுக்கு நான் வர மாட்டேன்.

இதை வாசித்துவிட்டு சிஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். "எனக்கு இருநூறு படிவத்துல 'மிக நன்று'ன்னு சொன்னவங்கதானே இவங்க? என்கிட்ட ஏன் சொல்லல?"

"மாடன் மொகஞ் சுளிக்க மாட்டாரு சார்" என்றேன். "அவரு திருப்பிக் கேள்வியும் கேக்க மாட்டாரு."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டாக்டர் ஒரு தாளை எடுத்து நடுவில் வேலி மாதிரி ஒரு கோடு போட்டார். பிள்ளை வரம், கல்யாணம், வழக்கு இதெல்லாம் மாடனுக்கு. தாழ்ப்பாள், சன்னல், மாத்திரை இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. நானும் ஒரு குவியல் பிரித்தேன், ஆவுடையும் ஒரு குவியல் பிரித்தாள். அவள் சீட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பிரித்தாள். மூணாம் கிளாஸ். மாடனுக்கு வந்தது என்று தெரிந்ததும் மேலே வாசிக்காமலே மடித்து மறுபடி பெட்டியில் போட்டோம். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. ஒரு சீட்டில் மட்டும் எந்தப் பக்கம் போடுவது என்று டாக்டரே குழம்பினார். 'என் மாமியாருக்கு வாய் நோவு வரணும்' என்று இருந்தது. கையெழுத்து சங்கரியுடையது மாதிரி தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஆஸ்பத்திரிக் குவியலில் ஐம்பத்திரண்டு. அதில் வியாழக்கிழமைக் கதை மட்டும் முப்பத்தொன்று.

கடைசியாகப் பெட்டியின் மூலையில் ஒன்று ஒட்டிக் கிடந்தது. சிஸ்டர் அதைத் தட்டி எடுத்தார். பீடிக் கட்டில் ஒட்டுகிற ரோஸ் லேபிள் தாளை பீடி மாதிரியே சுற்றி, முனை மடக்கி, சிவப்பு நூல் கட்டியிருந்தது. நான் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். ஊசிகூட நுழையாத இறுக்கம். நூல் மூன்று சுற்று, முடிச்சு தெரியாது. இந்த ஊரில் அப்படிச் சுற்ற ஒரு கைதான் உண்டு. இதை நான் முப்பத்தொரு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

ஆவுடை சட்டென்று எழுந்தாள். "அது வேண்டாம் சிஸ்டர். அது மாடனுக்கு உள்ளது. பெட்டியில போடுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. என் பேரில் மாடனிடம் பிராது கொடுத்திருக்கிறாள். நான் நாசமாகப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். இல்லாவிட்டால் ஏன் இந்தப் பதற்றம்?

"வாசிங்க சிஸ்டர்" என்றேன். "சத்தமா வாசிங்க. எழுதுனவுக மனசு எப்பிடின்னு சங்கமே கேக்கட்டும்."

"மதி... அந்த அம்மாவச் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றாள் ஆவுடை.

"உறுப்பினர் கேக்கேன். வாசிங்க."

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். பிறகு நூலை அவிழ்த்தார். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. தட்டித் தட்டி வாசித்தார்.

மாடசாமி, எதுத்த வீட்டு மதினிக்கு வலது கால்ல என்னமோ இருக்கு. இருவது நாளா நட சத்தம் மாறிக் கேக்கு. ஒரு கால் அமுந்து விழுது, ஒரு கால் இழுத்து விழுது. மவன் செருப்பப் போட்டுட்டுத் திரியுதா. வியாழக்கெழம கட்டுக்குப் போறதால ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டக்கா. அந்தக் கெழமய மாத்து. எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் கால்ல ஆரம்பிச்சு ஆளு போச்சு. இவ கால் போச்சுன்னா வீட்டுக்குள்ளயே கெடப்பா, வாசலுக்கு வர மாட்டா. பொறவு நான் யாருகூடப் பேசாம இருப்பேன்.

சிஸ்டர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"அந்தக் காலைக் காட்டுங்கம்மா" என்றார் பெரிய டாக்டர்.

"எறும்புக்கடி" என்றேன்.

"அந்த அம்மாவச் செருப்பக் கழத்தச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் ஆவுடை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த அம்மாவ அவுக சோலியப் பாக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். ஆனால் கழற்றினேன்.

டாக்டர் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே ஊசி முனையால் குத்தினார். எப்போது குத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் கவலை என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலோடு போயிருக்காது என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சிஸ்டர் இதை வாசிக்கும்போது முன்பக்கங்களில் உள்ள எறும்பு, மழை எல்லாவற்றையும் அடித்துவிடவும். மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. முந்திரிக்கொத்து நான்கு.

ஜூலை 31, வியாழன்

மூன்று நாளாகக் காலையும் மாலையும் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். ஊசி. இடது கையில். நான் ஒன்றும் சொல்லவில்லை. பீடிக் கடைக்கு டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சங்கரி கொண்டுபோனாள், செக்கர் ஒன்றும் பேசாமல் என் கட்டை எடுத்துக்கொண்டாராம். இது இவ்வளவு லேசான காரியமா.

வாய் நோவு பற்றிச் சங்கரியிடம் கேட்டேன். அதை எழுதியது தான் இல்லை என்றாள். சொல்லும்போது சிரித்தாள். குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கொடை. நடக்கக் கூடாது என்று உத்தரவு. வாசலில் நாற்காலி போட்டு மேளம் கேட்டேன். எதிர்வாசலில் அவளும் கோயிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. நன்றாகப் பொழுது போயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரிப் பலகையில் பெரிய டாக்டர் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்க ஊரே வந்தது. தலைப்பு: 'மாடசாமி பெட்டிக்கு வந்த மனுக்களுக்குப் பதில்'. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடப்பட்டது. மருந்துச் சன்னலுக்கு முன் படி கட்டப்படும். சுகர் கிளினிக் இனி செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. சிஸ்டர் மாறுதல் மேலிடத்தின் கையில் உள்ளது. அதை மட்டும் மாடசாமியிடமே தொடர்ந்து கேட்கவும். பெட்டி அதே ஆணியில் இருக்கும்.

தாழ்ப்பாளுக்குச் சேவல் நேர்ந்த ஆள் கொடையன்று அதை டாக்டர் பேரில் விட்டிருக்கிறார். அது ஆஸ்பத்திரி வளாகத்தில் மேய்கிறது. டாக்டர் அதைக் கண்டால் வழிவிட்டு நடக்கிறார்.

முதல் செவ்வாய் கிளினிக்குக்கு நாற்பத்தாறு பேர் வந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பீடி சுற்றக் கூடாது என்று சிஸ்டர் எல்லார் தட்டையும் வாங்கி வெளியே வைத்துவிட்டார். எட்டு வயதிலிருந்து இந்தக் கை சும்மா இருந்ததில்லை. நாற்பத்தாறு பெண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கை சும்மா இருந்தால் வாய் என்ன செய்யும். வராந்தா முழுக்கச் சத்தம்.

ஆவுடை சுவரைத் தடவித் தடவி வந்து, காலி இடம் என்று நினைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் நான் என்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

"மதினி" என்றாள். சிஸ்டரிடம் இல்லை. சுவரிடம் இல்லை.

"என்ன" என்றேன்.

"அன்னைக்கு வளகாப்புல நான் ஒண்ணு சொன்னேன்லா."

முப்பத்தொரு வருடம். "ஆமா. அவியல் விழும்போது."

"பீடி லூசுன்னு."

"ஆமா."

"இப்பமும் லூசுதான்."

எனக்கு வந்த சிரிப்பில் கட்டுப் போட்ட காலே நாற்காலியில் இடித்துக்கொண்டது. அவளும் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு எதற்கு என்று தெரியாமலே சிரிப்பு வந்து, வராந்தா முழுக்கப் பரவி, உள்ளே இருந்து சுகர் டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். என்னவென்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இது அவள் மேல் எனக்குப் புது வழக்கு. ஆகஸ்ட் ஐந்து, நாலே முக்கால் மணி. மறக்க மாட்டேன்.

பேரைக் கூப்பிட்டதும் ஆவுடை எழுந்தாள். கதவு இருக்கிற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளிப் போய்ச் சுவரில் முட்டினாள். உடைந்த டீக் கிளாஸ், தெருவில் இடித்தது, ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறின எழுத்து எல்லாம் எனக்கு வரிசையாக, தேதியோடு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு ரோஸ் லேபிள் எடுத்தேன். எழுதினேன்: மாடசாமி, எதிர்வீட்டு ஆவுடைக்குக் கண் மங்கிவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டாள், திமிர் பிடித்தவள். கண் டாக்டரை இங்கேயே வரவை. செவ்வாய்க்கிழமை ஆனால் நல்லது.

அதைச் சுற்றி நூல் கட்டினேன். மெதுவாக நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன். எவ்வளவு இழுத்துச் சுற்றியும் கொஞ்சம் லூசாகத்தான் வந்தது. அதனால் ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறக்கும்போது, யார் போட்டது என்று அவள் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள்.

இனிப்பு: சுசியம் ஒன்று. பாதி அவளுக்கு.